‘முயல்’ என்ற சொல்லைப் பிசகாமல் எழுதுவது எப்படி?

காங்கேயம் பக்கத்து ஊர்களில் முப்பது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளின் நோட்டில் நான் அதிகம் சுழித்த சொல் ‘முயற்சித்தேன்’. போன வாரம் என் மகள் வயிற்றுப் பேத்தியும் அதையே எழுதிவந்து, “அம்மிச்சி, பேப்பரில் இப்படித்தானே போடுகிறார்கள்?” என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் இரண்டு முயல்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலியடியில் பதுங்கியிருந்து, காலடிச் சத்தம் கேட்டதும் கொழுக்கட்டைப் புல்லுக்குள் பாய்கிறதே, அது பெயர்ச்சொல். இன்னொன்று வினைச்சொல்.

வினையை எழுதும்போது ‘பயில்’ என்ற சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயில்கிறேன், பயின்றேன், பயில்வேன், பயிற்சி. அதே அச்சில்தான் முயல்கிறேன், முயன்றேன், முயல்வேன், முயற்சி. ‘பயிற்சித்தேன்’ என்று யாரும் எழுதுவதில்லை. ‘முயற்சித்தேன்’ மட்டும் எப்படிச் சரியாகும்? ‘முயற்சி செய்தேன்’ என்று எழுதலாம், பிழையில்லை. ஆனால் ‘ஏற முயன்றேன்’ என்பதில் உள்ள சுருக்கமும் அழகும் அதில் இல்லை. அச்சில் வந்துவிட்டது என்பதற்காக இந்தப் பிழையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை, கண்ணு என்றேன் அவளிடம்.

பெயர்ச்சொல்லுக்கு வருவோம். கூண்டில் வளரும் முயலும் நம் காட்டு முயலும் வேறு வேறு இனம். காட்டு முயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். கூண்டு முயலின் குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், தேவையான இடத்தில் ‘காட்டு’, ‘வளர்ப்பு’ என்று அடை சேர்த்து எழுதுங்கள். திருக்குறள் 772-இல் வள்ளுவரே ‘கான முயல்’ என்று அடை கொடுத்துத்தான் சொல்கிறார்.

வல்லினத்தோடு சேர்ந்து ஒரே சொல்லாகும்போது ‘ல்’ என்பது ‘ற்’ ஆகும். நடக்கவே நடக்காததற்கு முயற்கொம்பு. நிலாவில் தெரியும் கறைக்கு முயற்கறை. ‘முயல் குதித்தது’ என்பதில் அப்படியே விட்டுவிடுங்கள்.

‘தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்பது பிடிவாதக்காரரைச் சொல்வது. திறமையைப் புகழ்வதற்கு அதைப் போடாதீர்கள். பேரூர்க் கோயிலில் நடராசர் காலடியில் கிடக்கும் முயலகனும் முயலல்ல, அசுரன்.

கடைசியாக ஒரு சிக்கல். ‘முயலும் பிள்ளை’ என்பதில் வினை. ‘முயலும் ஆமையும்’ என்பதில் விலங்கு. ‘முயலாமை’ என்று சேர்த்தால் முயற்சி இல்லாமை என்றே படிப்பார்கள். பந்தயக் கதையை எழுதும்போது ‘உம்’ போட்டுப் பிரித்தே எழுதுங்கள்.