ஒரு இங்கிலிஷ் சொல்லைத் தோண்டிப் பாக்கிறது எப்பிடி? ('ஃபைன்' எண்ட சொல்லை வச்சு)

போன மாசம் காலி வீதியில வெள்ளைக்கோட்டைத் தாண்டி மோட்டார்சைக்கிளை வெட்டினதுக்கு எனக்கு ஒரு ஃபைன் விழுந்தது. பிழை என்னிலதான், அதை விடுங்கோ. வீட்ட வந்து பேப்பரை மேசையில போட, ஓ லெவல் எடுக்கப்போற பெறாமகள் அதைப் பாத்திட்டு "சித்தப்பா, ஃபைன் எண்டா நல்லம் எண்டுதானே கருத்து, பிறகேன் தண்டத்துக்கும் அதே சொல்லு?" எண்டு கேட்டாள். இருபது வருசமா இங்கிலிஷில வேலை செய்யிறன், மறுமொழி வரேல்ல. "அது வேற சொல்லு இது வேற சொல்லு, எழுத்து மட்டும்தான் ஒண்டு" எண்டு சமாளிச்சன். ரெண்டு இரவு இருந்து தேடினாப் பிறகுதான் நான் சொன்னது அரைவாசி பிழை எண்டு தெரிஞ்சுது. அந்தத் தேடலைத்தான் படிப்படியா எழுதுறன், வேற எந்தச் சொல்லுக்கும் இதே வழியில போகலாம்.

படி 1: டிக்சனரியைத் திறக்காதேங்கோ

முதல்ல ஒரு கொப்பித்தாளில, அந்தச் சொல்லை உங்களைச் சுத்தியிருக்கிறவை எப்பிடிப் பாவிக்கினம் எண்டு முழு வசனமா எழுதுங்கோ. எனக்கு வந்ததுகள்: ஐ ஆம் ஃபைன், பொலிஸ் அடிச்ச ஃபைன், ஃபைன் ஆர்ட்ஸ், ஃபைன் மணல், இன்சூரன்ஸ் பத்திரத்தின்ர அடியில எறும்பு மாதிரிக் கிடக்கிற ஃபைன் பிரிண்ட், அக்கா கோவத்தில சொல்ற "ஃபைன், விருப்பம்போல செய்". இன்னொண்டு, சாப்பாட்டு மேசையில "இன்னும் கொஞ்சம் போடட்டோ" எண்டு கேட்டா "நோ, ஐ ஆம் ஃபைன்" எண்டிறது. அங்க சுகம் விசாரிக்கிற கதையே இல்ல, 'எனக்குப் போதும்' எண்டதுதான் கருத்து.

படி 2: படிக்கிறவைக்கெண்டு எழுதின டிக்சனரி

ஒக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் இல்லாட்டி கேம்பிரிட்ஜ், ரெண்டும் ஒன்லைன்ல சும்மா கிடைக்குது. போன்ல இருக்கிற இங்கிலிஷ்-தமிழ் அப் ஒண்டையும் நான் இதுக்குத் தொடுறதில்ல. 'நல்ல, மெல்லிய, நேர்த்தியான, அபராதம்' எண்டு வரிசையாக் கொட்டிவிடும், எந்த இடத்தில எது எண்டு சொல்லாது. விளக்கத்தை விட உதாரண வசனங்களை வாசியுங்கோ, படி 1ல எழுதின ஒவ்வொண்டுக்கும் சோடி தேடுங்கோ.

ஒரு விசயம் இங்க கவனிக்க வேணும். 'சுகம், பரவாயில்ல' எண்ட கருத்தில வாற ஃபைனுக்கு முன்னால 'வெரி' போடேலாது. 'ஐ ஆம் வெரி ஃபைன்' எண்டு நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில சொன்னனாங்கள், அது பிழை. வெரி ஃபைன் எண்டா மிச்சம் தரமானது, இல்லாட்டி மா மாதிரி நைசா இருக்கிறது.

முதல் வேலையில நான் ராத்திரி ராத்திரியா இருந்து எழுதின ரிப்போர்ட்டுக்கு வெளிநாட்டு மேலதிகாரி ஒருத்தர் 'ஃபைன்' எண்டு ஒரே சொல்லில பதில் அனுப்பினவர். ஃபைன் ஆர்ட்ஸில வாற ஃபைன் எண்டு நினைச்சு ஒரு நாள் முழுக்க நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிஞ்சன். அவர் சொன்னது பஸ் கொண்டக்டர் "சரி சரி ஏறு" எண்டிற அளவுதான்.

படி 3: தலைக்கு மேல இருக்கிற சின்ன இலக்கம்

நான் விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் மெதுவா வாசியுங்கோ. பெரிய டிக்சனரியள்ல சொல்லுக்குப் பக்கத்தில, கொஞ்சம் மேல தள்ளி, 1, 2 எண்டு பொடி இலக்கம் இருக்கும். அது கருத்துகளின்ர இலக்கம் இல்ல. எழுத்து ஒண்டா இருந்தாலும் இதுகளைத் தனித்தனிச் சொல்லா வச்சிருக்கிறம் எண்டதுக்கு அடையாளம். ஃபைனில 'நல்ல' ஒரு இலக்கம், 'தண்டம்' இன்னொரு இலக்கம். அதைப் பாத்திட்டுத்தான் நான் 'வேற வேற சொல்லு' எண்டு புத்தகத்தை மூடினனான். மூடக்கூடாது. ரெண்டு இலக்கம் இருந்தா ரெண்டு சாத்தியம் இருக்கு. கிரிக்கெட் பேட்டும் வௌவால் பேட்டும் மாதிரி உண்மையிலயே சம்பந்தமில்லாத ரெண்டு சொல்லா இருக்கலாம். இல்லாட்டி ஒரு தாய்க்குப் பிறந்து கனகாலத்துக்கு முந்திப் பிரிஞ்சுபோன பிள்ளையளா இருக்கலாம். எது எண்டு அடுத்த படியிலதான் தெரியும்.

படி 4: பிறப்பைத் தேடுறது

எட்டிமொன்லைன் எண்டு ஒரு வெப்சைட், காசில்லை. ஒக்ஸ்ஃபோர்டின்ர பெரிய டிக்சனரி (முதல் பகுதி 1884ல வந்து, முதல் பதிப்பு முடிய 1928 ஆச்சு) இன்னும் ஆழம், ஆனா காசு கட்ட வேணும், தொடக்கத்துக்குத் தேவையில்ல. விக்சனரியும் நல்லம், எண்டாலும் நான் அதை ரெண்டாவது சாட்சியாத்தான் வச்சிருக்கிறன்.

ரெண்டு ஃபைனையும் தனித்தனியாத் தேடினா ரெண்டும் பழைய பிரெஞ்சு ஃபின் வழியாப் போய் ஒரே லத்தீன் சொல்லில முட்டுது: ஃபினிஸ். கருத்து முடிவு, எல்லை.

'முடிவு' எப்பிடித் தண்டமாச்சு? பழைய இங்கிலாந்தில ஒரு வழக்கை, சண்டையை முடிச்சு வைக்கிற ஒப்பந்தத்துக்கே ஃபைன் எண்டுதான் பேர். காணி விசயத்தில 1195ல இருந்து அதை ஒரே தோலில மூண்டு தரம் எழுதி, நெளிநெளியா வெட்டி, ரெண்டு துண்டை ரெண்டு பக்கத்துக்கும் குடுத்திட்டு அடித்துண்டைக் கோட்டில வச்சிருந்தவை. ஆரும் கள்ள உறுதி கொண்டுவந்தா வெட்டு பொருந்துதோ எண்டு பாக்கலாம்தானே. 1833ல சட்டம் போட்டு நிப்பாட்டுற வரைக்கும் இது நடந்தது, அந்த அடித்துண்டுகள் இண்டைக்கும் லண்டன் ஆவணக்காப்பகத்தில இருக்கு. இப்பிடி விசயத்தை முடிக்கக் கட்டுற காசுக்கும் அந்தப் பேரே ஒட்டிச்சு. இன்னொரு வேடிக்கை, ஃபைனை வினைச்சொல்லாப் பாவிச்சா முதல்ல அது காசு *கட்டுறவன்* செய்யிற வேலை, 16ஆம் நூற்றாண்டிலதான் தண்டம் *அடிக்கிறவன்* பக்கம் திரும்பினது.

இதை வாசிக்கேக்க எனக்கு என்ர பேப்பர்தான் ஞாபகம் வந்தது. தபால் கந்தோரில (கந்தோர் டச்சுச் சொல்லு, அது வேற கதை) காசைக் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசனை வாங்கினா விசயம் அதோட முடிஞ்சுது, கட்டாட்டித்தான் கோடு வழக்கு.

மற்ற ஃபைன்? கடைசி வரைக்கும் கொண்டுபோய் முடிச்ச வேலை, அதனால குறையில்லாதது, அதனால கலப்பில்லாதது. செட்டியார் தெருவில 22 கரட் நகையில 916 எண்டு அடிச்சிருக்கும், ஆயிரத்தில 916 பங்கு தங்கம் எண்டு. அந்தக் கணக்குக்கு இங்கிலிஷில பேர் ஃபைன்னெஸ். கலப்பில்லாததில இருந்து நுணுக்கமானது, அதில இருந்து மெல்லியது, பொடியானது எண்டு ஒரு கிளை போச்சு. மற்றக் கிளை 'சிறந்தது' எண்டு தொடங்கித் தேஞ்சு தேஞ்சு 'பரவாயில்ல' வரைக்கும் வந்திட்டுது. நாங்கள் போன்ல "நல்லது, வைக்கிறன்" எண்டேக்க அதில என்ன நன்மை கிடக்கு? அதே தேய்மானம்தான்.

படி 5: சொந்தக்காரரைப் பிடிக்கிறது

ஃபினிஷ், ஃபைனல், டிஃபைன், கன்ஃபைன், இன்ஃபினிட், எல்லாம் ஃபினிஸ் குடும்பம். ஃபினான்ஸும்தான், கடனைத் தீர்த்து முடிக்கிறது எண்ட கருத்தில. என்ர லீசிங் முடியிறதா இல்ல எண்டது வேற விசயம். ஆனா காதை நம்பாதேங்கோ. ஃபைண்டும் மீன்ர ஃபின்னும் சொந்தமில்ல, ரெண்டும் பழைய இங்கிலிஷ் சொல்லு. மெழுகுதிரி செய்யிற பரஃபின் சொந்தம்! மற்றப் பொருளுகளோட லேசில சேராதது எண்டதால 1830ல ரைஷன்பாக் எண்ட ஜேர்மன்காரர் 'குறைஞ்ச உறவு' எண்டு லத்தீனில வச்ச பேர். அந்த 'உறவு'க்குள்ள ஃபினிஸ், எல்லை தொட்டவன் எண்ட கருத்தில இருக்கு.

படி 6: தமிழ்ச் சொல்லையும் கிண்டுங்கோ

இதை ஒருத்தரும் செய்யிறேல்ல. தண்டம் எண்டா முதல்ல தடி, பிறகு தண்டனை, பிறகு காசு, கடைசியில 'எல்லாம் தண்டம்' எண்டு வீணாப்போனது. சிங்களத்தில தடே எண்டிறதும் இதே வேர்தான். அபராதம் எண்டா சமஸ்கிருதத்தில குற்றம், தமிழில அந்தக் குற்றத்துக்குக் கட்டுற காசு. இங்கிலிஷ்காரன் சண்டை முடிஞ்ச இடத்தில இருந்து பேர் வச்சிருக்கிறான், நாங்கள் அடிக்கிற தடியில இருந்து.

பிறகு சேர்த்தது: "ஆர் யூ ஃபைன் எண்டு சுகம் கேக்கலாமோ" எண்டு ரெண்டு பேர் கேட்டிருந்தவை. 'ஆர் யூ ஓல் ரைட்' எண்டு கேளுங்கோ, ஃபைனைப் பதிலுக்கு வச்சிருங்கோ.

இன்னொண்டு: மகளைப் பியானோ வகுப்புக்கு விடுற ஒரு அக்கா, இசைத்தாளில இடைநடுவில ஃபைன் எண்டு கிடக்கு, நல்லா வாசி எண்டோ சொல்லுது எண்டு கேட்டா. இல்ல அக்கா, அது இத்தாலியன், ஃபீனே எண்டு வாசிக்க வேணும். திரும்ப முதல்ல இருந்து வாசிச்சுக்கொண்டு வந்து அந்த இடத்தில நிப்பாட்டச் சொல்லுது.