குலுக்கியும் எரியாத எல்இடி
கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைக் குலுக்கி, அதில் பிறக்கும் மின்சாரத்தால் எல்இடி விளக்கை எரிக்க முயன்றேன். சிவப்பு எல்இடி எரிய ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். எனாமல் (மின்காப்புப் பூச்சு) பூசிய 0.2 மி.மீ. கம்பியில் 1000 சுற்று சுற்றி, நியோடைமியம் காந்தத்தை உள்ளே வேகமாக ஆட்டியபோது ஆசிலாஸ்கோப்பில் (மின்னழுத்த மாற்றத்தை வரைபடமாகக் காட்டும் கருவி) உச்சம் 1 வோல்ட்தான். மல்ட்டிமீட்டரை நம்ப வேண்டாம். இந்தக் குறுந்துடிப்புகளை அது தவறவிடும்.

அதன் மேலேயே இன்னொரு 1000 சுற்று சுற்றித் தொடராக இணைத்தேன். அளவு கூடவில்லை, ஏறக்குறைய பூஜ்யமானது! காரணம் சுற்றுத் திசை: இரண்டாவது சுருள் எதிர்த்திசையில் இருந்ததால் ஒன்றின் மின்னழுத்தத்தை மற்றது அழித்துவிட்டது. அதன் இரு முனைகளையும் மாற்றி இணைத்ததும் 2 வோல்ட், எல்இடி பளிச்சிட்டது.

முனைகளில் எனாமலை உப்புத்தாளால் முழுதாகச் சுரண்டுங்கள். சுருள் காந்தத்தைவிட மிக நீளமாகவும் கூடாது: காந்தம் முழுதும் உள்ளே போனால் சுற்றுகளின் வழியே செல்லும் மொத்தக் காந்தப்பாயம் (காந்தப்புலத்தின் அளவு) மாறுவதில்லை, மின்னழுத்தமும் வராது.