பாடத்துக்குப் பாடம் மாற வேண்டிய குறிப்பேடு

உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரே நாளில் ஆறேழு பாடவேளைகளைக் கடக்கிறார். கணக்கு ஆசிரியர் எழுதியது பலகையிலிருந்து அழிக்கப்படுவதற்குள் வரலாற்று ஆசிரியர் வகுப்புக்குள் வந்துவிடுகிறார். பாடங்கள் இப்படி மாறிக்கொண்டிருந்தாலும் பெரும்பாலான மாணவர்கள் குறிப்பெடுக்கும் முறை மட்டும் மாறுவதில்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள், ஆசிரியர் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் பிடிக்க முயல்கிறார்கள். பாடநூலில் ஏற்கெனவே அச்சாகியிருப்பதை மறுபடி எழுதுவதால் கை வலிப்பதுதான் மிச்சம். பாடநூலில் கிடைக்காதது எதுவோ, அதற்குத்தான் குறிப்பேட்டில் இடம் தர வேண்டும். அது எது என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபடும்.

கணக்கு வகுப்பில் பாடநூல் சொல்லாமல் விடுவது ஒவ்வொரு படிக்கும் உரிய காரணம். பக்கத்தை நெடுக்காக இரண்டாக மடித்து, இடப்பக்கம் கணக்கையும் வலப்பக்கம் அந்தப் படியை ஏன் செய்தோம் என்பதையும் எழுதுங்கள். எடுத்துக்காட்டாக 12 − (7 − 3) என்பதை 12 − 7 + 3 என்று விரித்து 8 என்ற விடையைப் பெறும்போது, "அடைப்புக்கு முன் கழித்தல் குறி, உள்ளே உள்ள குறிகள் எல்லாம் மாறும்" என்ற ஒரு வரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த வரியை எழுதிப் பழகாதவர்தான் தேர்வில் 12 − 7 − 3 என்று எழுதி 2 என்று முடிக்கிறார். விடை தவறானால் அதை அழிப்பானால் துடைத்துவிடாதீர்கள். ஒரே கோட்டால் அடித்துவிட்டுச் சரியான படியைக் கீழே எழுதினால், நீங்கள் வழக்கமாக எங்கே சறுக்குகிறீர்கள் என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும்.

இயற்பியலில் எண்ணைவிட அலகுக்கே முதலிடம் கொடுங்கள். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 5 வினாடிகளில் நிற்கிறது என்று கணக்கு வந்தால், முதல் வரியிலேயே வேகத்தை வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றி எழுதிவிட வேண்டும். அதன்பின் எதிர்முடுக்கம், அதாவது வேகம் குறையும் வீதம், வினாடி வர்க்கத்துக்கு 4 மீட்டர் என்று எளிதாக வரும். மாற்ற மறந்தவருக்கு 14.4 என்ற எண் கிடைக்கும். அலகு எழுதாத காரணத்தால் அதில் பிழை இருப்பதே கண்ணில் படாது. படம் வரைய வாய்ப்புள்ள கணக்கு எதையும் படமின்றித் தொடங்க வேண்டாம்.

ஆய்வகக் குறிப்பேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் அங்கேதான் மாணவர்கள் அதிகம் ஏமாற்றிக்கொள்கிறார்கள். காப்பர் சல்பேட் கரைசலில் இரும்பு ஆணியை இட்டு வைக்கும் சோதனையில் "வேதிவினை நடந்தது" என்று எழுதுவது முடிவே தவிர, கண்டதன் பதிவு ஆகாது. கரைசலின் நீலம் மெல்ல வெளிறி இளம்பச்சையானது, ஆணியின் மேல் செம்பழுப்பு நிறத்தில் ஒரு படிவு ஏறியது என்று கண்ணால் கண்டதை முதலில் எழுதுங்கள். தாமிரத்தை இரும்பு வெளியேற்றியது என்ற விளக்கம் அதற்கு அடுத்த பத்தியில் வரட்டும். ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைக் கொண்டு கண்டறியும் தரம்பார்த்தலின்போது பியூரெட் என்னும் அளவுக்குழாயின் அளவைக் கண்மட்டத்தில் வைத்து, திரவ வளைவின் அடிப்பகுதியைப் படித்து, 24.5 என்று வந்தாலும் 24.50 என்றே குறிக்க வேண்டும், ஏனெனில் அந்தக் கடைசிச் சுழியம் நீங்கள் எவ்வளவு நுட்பமாக அளந்தீர்கள் என்பதைக் காட்டுகிறது. அளவுகளைத் துண்டுத் தாளில் குறித்துப் பிறகு அழகாகப் படியெடுக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். துண்டுத் தாள் தொலையும், தொலையாவிட்டாலும் படியெடுக்கும்போது எண் இடம் மாறும். பக்கத்திலிருப்பவரின் அளவோடு உங்கள் அளவு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அதைத் திருத்தவும் கூடாது.

உயிரியல் படங்களுக்கு நிழலும் வண்ணமும் தேவையில்லை. கூரிய பென்சிலால் தெளிவான ஒற்றைக் கோட்டில் வரைந்து, பெயர் குறிக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

வரலாற்றில் ஆண்டுகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது எளிது, மறப்பது அதைவிட எளிது. பிரெஞ்சுப் புரட்சி என்ற தலைப்பை நடுவில் 1789 என்று எழுதி, அதற்கு இடப்புறம் காரணங்களைக் காலத்தின் வரிசையில் வையுங்கள்: அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவியதில் பெருகிய அரசின் கடன், சலுகை பெற்ற வகுப்பினர் பெரும்பாலான வரிகளிலிருந்து விலகி நின்ற நிலை, 1788இல் பொய்த்த விளைச்சல், அதனால் ஏறிய ரொட்டி விலை. ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததற்கு அம்புக்குறி போட முயலும்போது எந்த அம்பை உங்களால் போட முடியவில்லையோ, அதுதான் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கேள்வி. புவியியலிலும் இதே முறை உதவும்: 15 பாகை தீர்க்கரேகைக்கு ஒரு மணி நேரம் என்பதோடு, பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்வதால்தான் அந்தக் கணக்கு வருகிறது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மொழிப் பாடத்தில் செய்யுளின் பொருளை ஆசிரியர் சொல்வதற்கு முன், நீங்கள் புரிந்துகொண்டதை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். பிறகு ஆசிரியரின் விளக்கத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சொல் உங்களை வழிமாற்றியது என்று தெரியும். திருத்தித் தரப்பட்ட கட்டுரைகளில் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பது பெரிய வீண். சிவப்பு மை பட்ட இடங்களைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் திரட்டி, அடுத்த கட்டுரையை ஒப்படைக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

எழுதியதை எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்த பின் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எனவே மாலையில் குறிப்பேட்டைத் திறக்கும் முன் வெற்றுத் தாளில் அன்றைய பாடத்தை நினைவிலிருந்து எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதை வேறு மையில் நிரப்புங்கள். வண்ணப் பேனாக்களுக்கு உண்மையான பயன் இந்த ஒரு வேலையில்தான் என்பது என் கருத்து.

வகுப்புக்கு வராத நாளுக்கான குறிப்பை நண்பரிடம் வாங்கும்போது, எல்லாப் பாடத்துக்கும் ஒருவரையே நம்ப வேண்டாம். கணக்கைப் படிக்குப் படி எழுதுபவர் ஒருவராகவும், வரலாற்றைக் கவனித்துக் கேட்பவர் வேறொருவராகவும் இருப்பார். அவர்களுடைய பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதோடு நிறுத்தாமல், பத்து நிமிடமாவது அருகில் உட்கார்ந்து ஆசிரியர் என்ன சொன்னார் என்று வாய்விட்டுக் கேளுங்கள்; எந்தக் கேள்வி வகுப்பில் எழுந்தது, எதை ஆசிரியர் இரண்டு முறை சொன்னார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில்தான் வரும்.