மசி 135: டீசல் தீர்ந்த பிறகு

கொழும்பு மட்டக்குளியில் மாமா தண்ணீர் பவுசர் இழுக்க வைத்திருப்பது பழைய மசி பெர்குசன் 135 டிராக்டர். பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜின். போன மாதம் டாங்கியை வறள விட்டுவிட்டோம். டீசல் ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை; சுற்றிச் சுற்றி பட்டரிதான் இறங்கியது.

குழாய்களில் காற்று நிற்கிறது என்று தெரியும். ஆனால் டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் லிப்ட் பம்பின் கைநெம்பை அடித்தால் பிடிப்பே இல்லை. பம்ப் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் பிடிபட்டது: என்ஜினுக்குள் சுழலும் கேம் (பம்பை இயக்கும் மேடு) பம்பைத் தள்ளிய நிலையில் என்ஜின் நின்றிருந்தால் நெம்புக்கு வேலை இருக்காது. என்ஜினை ஒரு முழுச் சுற்று சுற்றினேன். உடனே கையில் இறுக்கம் தட்டியது!

காற்றை வெளியேற்ற இந்த வரிசையில் திருகுகளைத் தளர்த்தினேன்: முதலில் பில்டர் மேல் திருகு, பிறகு இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் பக்கத்துத் திருகு, அதன்பின் அதே பம்பின் கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி) மூடித் திருகு. ஒவ்வொன்றிலும் நுரை அடங்கி டீசல் தெளிவாக வரும்வரை கைநெம்பை அடித்து, அடிக்கும்போதே இறுக்க வேண்டும். கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஸ்டார்ட்டரைச் சுற்றி, டீசல் பீறியதும் இறுக்கினேன். பீறும் டீசலுக்கு அருகே கையை வைக்காதீர்கள்.

பில்டரில் ஈரம் கசிந்தது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் புது ரப்பர் வளையம் வாங்கிப் போட்டேன். இப்போது காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.