காப்பர் பைப்புக்கு வாய் விரிப்பது: ஏர்கோன் வேலை பழகும் தம்பிகளுக்கு

மலேசியாவில், பாடாங் செராயில் எங்கள் பட்டறைக்குப் பள்ளி முடித்த பையன்கள் வேலை பழக வருவார்கள். வந்த முதல் வாரமே கேஸ் அடிக்க வேண்டும் என்று ஆசை. நான் இரண்டு முழம் காப்பர் பைப்பையும் ஃபிளேர் கருவியையும் கையில் கொடுத்து, "அந்த மேசையில் உட்கார்ந்து இருபது வாய் விரித்துக் காட்டு" என்பேன். முகம் தொங்கிப்போகும். ஆனால் கேஸ் கசிகிறது என்று கூப்பிடும் வீடுகளில் நான் முதலில் டார்ச் அடித்துப் பார்ப்பது நட்டைத்தான். நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை, அதில் ஒட்டிய தூசி. பத்தில் பாதி வீட்டில் கதை அங்கேயே முடிந்துவிடும்.

வாய் விரிப்பது என்றால் பைப்பின் நுனியைப் புனல் மாதிரி 45 பாகை சாய்வில் திறப்பது. அந்தப் புனல் முகம் யூனிட்டின் பித்தளைக் கூம்பில் உட்காரும். பித்தளை நட்டு பின்னாலிருந்து அதை அழுத்திப் பிடிக்கும். நடுவில் ரப்பர் வளையம் கிடையாது, பசை கிடையாது. செம்பும் பித்தளையும் ஒட்டி உட்காருவதுதான் அடைப்பு. அதனால்தான் முகத்தில் ஒரு மயிரிழைக் கீறல் இருந்தாலும் கேஸ் வெளியே வருகிறது.

என்னென்ன வேண்டும்

பைப் கட்டர், ரீமர், ஃபிளேர் கருவி, இரண்டு ஸ்பேனர், முடிந்தால் டார்க் ஸ்பேனர் (இறுக்கும் பலத்தை எண்ணில் காட்டும் ஸ்பேனர்), ஒரு சின்னக் குப்பி எண்ணெய். வீட்டு ஏர்கோனில் பெரும்பாலும் கால் இஞ்ச் பைப்பும் (6.35 மில்லிமீட்டர்) 3/8 இஞ்ச் பைப்பும் (9.52) வரும். பெரிய யூனிட்டில் அரை இஞ்ச். பைப்பின் கனம் 0.8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். சாமான் கடையில் அதைவிட மெல்லியது மலிவாகக் கிடைக்கும், கடை முதலாளி தௌக்கேயும் "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்பார். ஒன்றில்லை. ஆர் 410 ஏ கேஸின் அழுத்தம் பழைய ஆர் 22-ஐப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். ஆர் 32-ம் அந்தக் கணக்குத்தான், போதாததற்கு அது லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிரீஸ், தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் கூடாது. ஒரு பையன் அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தேடியதையும் பார்த்திருக்கிறேன். முகத்தில் தடவுவது கொஞ்சமாவது உள்ளே போகும், கம்ப்ரசர் எண்ணெயோடு கலக்கும். ஆர் 410 ஏ, ஆர் 32 யூனிட்டுகளுக்கு எஸ்டர் அல்லது ஈதர் வகைக் கம்ப்ரசர் எண்ணெய் வேண்டும். எஸ்டர் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். நம் ஊர்க் காற்றைச் சொல்லவே வேண்டாம், சாயங்கால மழை விட்டதும் சட்டையே பிழியலாம். ஆகவே குப்பியைத் திறந்து ஒரு சொட்டு எடுத்ததும் மூடிவிடுங்கள். திறந்து வைத்த குப்பியை மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

வெட்டுவது

கட்டரைப் பைப்பில் மாட்டி, சக்கரம் தொடும் அளவுக்கு இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிறகு கால் திருகு இறுக்கி இன்னொரு சுற்று. அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கினால் பைப்பின் வாய் நசுங்கி உள்ளே மடியும். இரும்பறுக்கும் ரம்பத்தால் வெட்டவே கூடாது. வெட்டு கோணலாகும், தூளும் உள்ளே விழும்.

வெட்டியதும் உள்விளிம்பில் பிசிறு நிற்கும். பைப்பின் வாயைத் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு ரீமரால் எடுங்கள். தலைகீழாகப் பிடிக்க மறந்தால் செம்புத்தூள் நேரே உள்ளே போகும், கடைசியில் கம்ப்ரசரைத்தான் தேடிப் போகும். விரலை விட்டுப் பார்த்தால் வழவழப்பாக இருக்க வேண்டும், அவ்வளவு போதும். சுரண்டிக்கொண்டே போனால் விளிம்பு கத்தி மாதிரி மெலிந்துவிடும். மெலிந்த விளிம்பு விரியும்போது வெடிக்கும்.

நட்டை மாட்டினீர்களா

வாய் விரித்த பிறகு நட்டு உள்ளே போகாது. தெரிந்த விஷயம்தான், ஆனாலும் எல்லோரும் மறப்போம். நானும் போன மாதம் மறந்தேன், பக்கத்தில் நின்ற என் அக்கா மகன், "மாமா, நட்டு?" என்று மெதுவாகக் கேட்டான். விரித்ததை வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

விரிப்பது

ஃபிளேர் கருவியில் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் பாகத்துக்குக் கட்டை என்று பெயர். பைப்பை அந்தக் கட்டையில் வைத்துப் பிடியுங்கள். நுனி கட்டையிலிருந்து எவ்வளவு வெளியே நிற்க வேண்டும் என்பது கருவியைப் பொறுத்தது. ஆர் 410 ஏ-வுக்கென்று வந்த கிளட்ச் கருவியில் 0 முதல் 0.5 மில்லிமீட்டர். பழைய சாதாரணக் கருவியில் 1.0 முதல் 1.5 மில்லிமீட்டர். குறைவாக விட்டால் புனல் சிறுத்து நட்டிலிருந்து நழுவும். அதிகமாக விட்டால் நட்டுக்குள் போகாது, போனாலும் உரசும்.

இப்போது அந்த ஒரு சொட்டு. கருவியின் கூம்பு நுனியில் எண்ணெயை வைத்து விரலால் சுற்றித் தடவுங்கள். ஈரம் மினுங்க வேண்டும், வடியக் கூடாது. கூம்பு செம்பின் மேல் சுழன்றுகொண்டே அழுத்துகிறது. வறண்டிருந்தால் செம்பைப் பிடித்து இழுக்கும், முகத்தில் வட்ட வட்டமாகக் கீறல் விழும். காது கொடுத்துக் கேட்டால் தெரியும்: வறண்ட கூம்பு கிரீச், கிரீச் என்று கத்தும். எண்ணெய் பட்டது சத்தம் போடாமல் இறங்கும்.

என் மைத்துனர் நியூசிலாந்தில் மாட்டுப் பண்ணையில் வேலை செய்கிறார். அங்கே உரிமம் வைத்திருப்பவர்கள் ரைஃபிள் தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்களாம். சுட்டதும் கூட்டின் கழுத்து விரிந்துவிடும். அதை அச்சில் அழுத்திக் குறுக்கி, உள்ளே ஓர் எஃகு உருண்டையை இழுத்துச் சரியான அளவுக்குத் திறப்பார்கள். கழுத்து வறண்டிருந்தால் உருண்டை கத்திக்கொண்டே வரும், கழுத்தையும் சேர்த்து நீட்டிவிடும். மசகு அதிகமானால் கூட்டின் தோளில் குழி விழும், ஏனென்றால் அச்சுக்குள் சிக்கிய எண்ணெய் அமுங்காது. அவர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "மச்சான், இது எங்கள் வேலைதானே" என்றேன். (நம் நாட்டில் இதை முயற்சி செய்ய வேண்டாம். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.)

சரி, கைப்பிடிக்கு வருவோம். முக்கால் சுற்று இறக்கி, கால் சுற்றுப் பின்வாங்கி, மறுபடி இறக்குங்கள். கிளட்ச் கருவி என்றால் போதும் என்று அதுவே 'டக்' என்று விட்டுவிடும். சாதாரணக் கருவியில் கைதான் கிளட்ச். கூம்பு கட்டையில் முட்டிய பிறகும் பலம் காட்டினால் செம்பு இரண்டுக்கும் நடுவில் நசுங்கி மெலியும்.

எடுத்துப் பாருங்கள். முகம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும். சுற்றிலும் ஒரே அகலம் இருக்க வேண்டும். கால் இஞ்ச் பைப்பின் வாய் குறுக்கே ஏறக்குறைய 9 மில்லிமீட்டர், 3/8-க்கு 13, அரை இஞ்ச்சுக்கு 16.5. ஒரு பக்கம் அகலமாக இருந்தால் வெட்டு கோணல். விளிம்பில் வெடிப்பு இருந்தால் பைப் இறுகிவிட்டது என்று அர்த்தம். செம்பை வளைக்க வளைக்க, அடிக்க அடிக்க அது இறுகும். பழைய பைப்பை மறுபடி விரிக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். அப்படிப்பட்ட நுனியை, கேஸ் முழுக்க வெளியே எடுத்த பைப்பாக இருந்தால் மட்டும், தீ உமிழும் டார்ச்சால் மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். இரும்பைப் போலில்லை, தண்ணீரில் போட்டாலும் செம்பு இறுகாது. மேலே படிந்த கரியை மட்டும் துடைத்து எடுக்க வேண்டும். என்னைக் கேட்டால், இடம் இருந்தால் இரண்டு இஞ்ச் வெட்டிப் புது நுனியில் விரிப்பது நல்லது.

பைப்போடு பைப்பைச் சேர்க்கக் கழுத்தை அகட்டுவதும் இதே குடும்பம்தான். அங்கே கழுத்தை அகட்டும் முளையில் எண்ணெய் தடவுவீர்கள், ஆனால் வெல்டிங் வைக்கும் முன் சொட்டு மிச்சமில்லாமல் துடைக்க வேண்டும். எரிந்த எண்ணெயின் மேல் கம்பி ஓடாது.

மாட்டி இறுக்குவது

புனலின் முகத்தில் இன்னொரு துளி எண்ணெய். நட்டின் மரையில் வேண்டாம். இதில்தான் பழைய ஆட்களோடு எனக்குச் சண்டை, அவர்கள் எல்லா இடத்திலும் தடவுவார்கள். மரை வழுக்கினால் அதே கைப்பலத்துக்கு நட்டு இன்னும் அதிகமாக ஏறிவிடும். டார்க் ஸ்பேனரில் எண் சரியாகத்தான் காட்டும், ஆனால் பித்தளை தாங்க முடியாத இழுப்பில் நிற்கும்.

பைப்பை நேரே பிடித்து, நட்டை விரலால் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். விரலால் ஏறவில்லை என்றால் கோணல், ஸ்பேனரை எடுக்காதீர்கள். அப்புறம் ஒரு ஸ்பேனரால் யூனிட் பக்கத்தைப் பிடித்து, மற்றதால் இறுக்குங்கள். கால் இஞ்ச்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8-க்கு 34 முதல் 42, அரை இஞ்ச்சுக்கு 49 முதல் 61. யூனிட்டோடு வரும் புத்தகம் வேறு எண் சொன்னால் அதைக் கேளுங்கள். டார்க் ஸ்பேனர் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஸ்பேனரில் 16 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கும் அளவு இழுத்தால் கால் இஞ்ச்சுக்கு ஏறக்குறைய சரியாக வரும். பையன்கள் அரிசி மூட்டையையே தூக்குகிற மாதிரி இழுப்பார்கள்.

தோட்டத்தில் வேலை என்றால்

சில வருடங்களுக்கு முன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் ஸ்டோரை ஒட்டிய ஆபீஸில் ஏர்கோன் மாட்டினேன். சில மாதங்களில் கேஸ் இல்லை என்று கிராணி கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வாய் நன்றாக இருக்கிறது, நட்டு நெடுக ஒரு கோடு. நகத்தால் தடவினால் நகம் மாட்டியது. வேறு நட்டுப் போட்டேன், அதே இறுக்கு. மறுபடியும் அதே கோடு. மூன்றாவது தடவைதான் புத்தி வந்தது.

ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அந்த வாடை தெரியும், கண்ணில் தண்ணீர் வரும். பித்தளைக்கு அமோனியா ஆகாது. இழுப்பில் நிற்கும் பித்தளை, ஈரம், அமோனியா மூன்றும் சேர்ந்தால் வெடிப்பு வரும். பிரிட்டிஷ்காரர் காலத்தில் இந்தியாவில் மழைக்காலம் முழுக்கக் குதிரை லாயத்தில் அடுக்கிவைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் தானாக வெடித்துக் கிடந்தனவாம். மழைக்காலத்தில் வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921-ல்தான் தெளிவானது. என் நட்டுக்கு நடந்ததும் அதுதான், லாயத்துக்குப் பதில் பால் ஸ்டோர். கோழிப் பண்ணைப் பக்கமும் கவனம் வேண்டும்.

ஆகவே அங்கெல்லாம் வார்ப்பு நட்டு வேண்டாம், அடித்துச் செய்த கனமான நட்டாகப் பாருங்கள். அளவுக்கு மேல் கால் திருகு கூட இறுக்காதீர்கள். மாட்டியதும் இன்சுலேஷனைக் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் அருகில் இருந்தால் அது வேறு தொல்லை. எறும்பு கடித்தால் எரியுமே, அதே அமிலம். அது செம்பில் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளைப் போடும். பைப்பை அந்த அறை வழியாக இழுக்காமல் சுற்றிக் கொண்டுபோங்கள்.

சோதிப்பது

நைட்ரஜன் ஏற்றி, நட்டைச் சுற்றிச் சோப்பு நுரை தடவுங்கள். நுரை தடவியதும் கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். பெரிய கசிவு உடனே ஊதும். சின்னது குண்டூசித் தலை அளவு ஒரே ஒரு குமிழியாக, மெதுவாக வளரும். அப்படி வந்தால் இன்னும் இறுக்கிப் பார்க்காதீர்கள். அழுத்தத்தை இறக்கி, கழற்றி, முகத்தைப் பாருங்கள், கீறல் இருந்தால் வெட்டிவிட்டு மறுபடி விரியுங்கள். இந்த முறை நட்டை முதலில் மாட்டிவிட்டு. நுரை அசையாமல் நின்றால், பைப்பிலுள்ள காற்றை உறிஞ்சி எடுக்கும் வாக்குவம் பம்பைக் கையில் எடுக்கலாம்.