மீனம்பாக்கத்து வெயிலும் வியாசர்பாடி வீடும்: காலநிலை–உடல்நல ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் அதே கிண்டியில்தான். போரூரில் ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்வி நிறுவனம், அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். காலநிலை மாற்றம் மனித உடலை என்ன செய்கிறது என்று பல துறைக்காரர்கள் சேர்ந்து உட்கார்ந்து ஆராய, சென்னையைப் போல வசதியான ஊர்கள் குறைவு. ஆனாலும் இங்கே தொடங்கும் ஆய்வுகளில் சில, ஆரம்பத்திலேயே கோணிவிடுகின்றன. பக்கத்துத் துறைக்காரர் ஒரு எண்ணைத் தருகிறார். அது எங்கே, எப்படிப் பிறந்தது என்று கேட்காமலே வாங்கிக்கொள்கிறோம். இந்தத் துறையில் புதிதாக இறங்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்ல நினைப்பது இதைத்தான்.

வெப்பநிலையில் இருந்தே தொடங்கலாம். சென்னைக்கு வானிலைத் துறையின் பழைய, நம்பகமான பதிவுகள் இரண்டு இடங்களில் கிடைக்கின்றன: நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம். கடற்காற்று தாமதமாகும் நாளில் இந்த இரண்டுக்கும் இடையிலேயே வித்தியாசம் வரும். இரண்டிலும் வெப்பமானி இருப்பது திறந்த வெளியில், வெயில் நேரே படாத, காற்று நுழைந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டிக்குள். வானிலையை அறிய அதுதான் சரியான முறை. ஆனால் மருத்துவர் அந்த எண்ணை எடுத்து, "நோயாளி அனுபவித்த வெப்பம்" என்று தன் அட்டவணையில் எழுதும்போது தவறு நடந்துவிடுகிறது.

வட சென்னையின் வியாசர்பாடியில் ஒரு வீட்டில் வெப்பமானி மாட்டப் போயிருந்தோம். ஒரே அறை, மேலே சிமெண்ட் ஷீட். அடுப்பும் அதே அறையில். இரவு ஒன்பதரை மணிக்குச் சுவரில் கை வைத்தால் இன்னும் சுட்டது. மின்விசிறி ஷீட்டில் தேங்கிய சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. வெளியே தெருவில் காற்று இதமாக இருந்ததால் பாட்டி வாசலில் பாயை விரித்திருந்தார். அன்றைய மீனம்பாக்கத்து உச்ச வெப்பநிலையைப் பார்த்து அந்தப் பாட்டியின் உடல் பட்ட பாட்டை யாரும் ஊகிக்க முடியாது. இரவில் உடம்பு ஆற வழியில்லாமல் போவதுதான் அங்கே பெரிய பிரச்சினை. பகல் உச்சத்தை மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வு அதைப் பார்க்காமலே போய்விடும்.

ஈரப்பதமும் அப்படித்தான். 2010 மே மாத வெப்ப அலைக்குப் பிறகு அகமதாபாத் 2013இல் ஒரு வெப்பச் செயல்திட்டம் கொண்டுவந்தது. நல்ல முன்னோடி. அதற்காக அந்த ஊரின் வறண்ட வெயிலுக்கு வகுத்த எச்சரிக்கை எல்லைகளை அப்படியே சென்னைக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது. வியர்வை காயாத ஊர் இது. வானிலைத் துறையே கடலோர நிலையங்களுக்கு வெப்ப அலை வரம்பை 37 டிகிரியில் தொடங்குகிறது. அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடியிருக்க வேண்டும். சமவெளியில் தொடக்கமே 40. வெயில் படும் வேலையிடங்களில் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 சதவீதமும், கருங்கோள அளவுக்கு (கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி காட்டுவது) 20, சாதாரண வெப்பநிலைக்கு 10 என்றும் எடை கொடுத்து ஒரு குறியீட்டைக் கணக்கிடுவார்கள். ஈரத்துக்கு எத்தனை முக்கியத்துவம் என்பது அந்த விகிதத்திலேயே தெரிகிறது. ஸ்ரீராமச்சந்திரா ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து, அவர்கள் வேலை செய்த இடத்திலேயே இப்படி வெப்பத்தை அளந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்கு என்று 2024இல் தெரியவந்தது. வேலையிடத்துக்கே கருவியைக் கொண்டுபோனதால்தான் இப்படிச் சொல்ல முடிந்தது.

அடுத்தது இறப்புப் பதிவு. இங்கே தவறு செய்வது பெரும்பாலும் பொறியாளர்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். விழுப்புரத்தில் வயலில் மயங்கி விழுந்தவரை சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனைக்குக் கொண்டுவந்து, இங்கே உயிர் போனால் அது சென்னை இறப்பு. அந்தக் கணக்கைச் சென்னை வெயிலோடு பொருத்தினால் என்ன கிடைக்கும்? வசிப்பிட முகவரியை வைத்துப் பிரித்தெடுக்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதும் கட்டமும் அப்படியே நம்பத்தக்கதல்ல. இதயமும் மூச்சும் நின்றுவிட்டன என்று எழுதியிருக்கும். யாருக்குத்தான் கடைசியில் அவை நிற்காது? வெயில் பழைய இதய நோயையோ சிறுநீரக நோயையோ முற்ற வைத்துக் கொல்லும்போது, சான்றிதழில் வெயிலின் பெயர் வருவதில்லை. அதனால் "வெப்பத் தாக்கம்" என்று எழுதியவற்றை மட்டும் எண்ணாதீர்கள். எல்லாக் காரண இறப்புகளையும் எடுத்து, வழக்கமாக அந்த நாட்களில் எத்தனை இருக்கும், இப்போது எத்தனை கூடியிருக்கிறது என்று பாருங்கள். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்த பிறகு, சான்றிதழின் இந்தக் கட்டத்தில் எழுதுவது இறந்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது.

டெங்கு ஆய்வில் வேறொரு அவசரம் உண்டு. மழை பெய்த வாரத்தையும் காய்ச்சல் வந்த வாரத்தையும் நேருக்கு நேர் ஒப்பிட்டுவிட்டுத் தொடர்பில்லை என்பார்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள், கொசுவுக்குள் கிருமி வளர இன்னும் அவ்வளவு, கடித்த பிறகு காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஒரு மாத இடைவெளியை விட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், மழை இல்லாதபோதும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளரும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது வீட்டுக்கு வீடு டிரம்மிலும் குடத்திலும் தண்ணீர் பிடித்து வைத்தோமே, மூடாமல் விட்டால் அதுவும் அதற்கு ஏரிதான்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எல்லாவற்றையும் காலநிலையின் தலையில் கட்டுவது. அடைத்த வடிகாலும் அள்ளாத குப்பையும் காலநிலை மாற்றம் அல்ல.

சரி, குழுவுக்கு வருவோம். புள்ளியியல் தெரிந்தவரைத் தரவு எல்லாம் சேர்ந்த பிறகு கூப்பிடாதீர்கள். கேள்வி எழுதும் நாளிலேயே அவர் வேண்டும். மருத்துவமனைப் பதிவேடு தேவையென்றால் நோயாளிகள் சார்ந்த ஆய்வுகளைப் பரிசீலிக்கும் அறநெறிக் குழுவின் அனுமதிக்கு மாதங்கள் பிடிக்கும். மே மாத வெயிலை அளக்க ஏப்ரலில் விண்ணப்பித்தால் அந்த ஆண்டுக் கோடை கையைவிட்டுப் போனதுதான்.

களத்தில் காலை பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினால் யார் இருப்பார்கள்? கட்டட வேலைக்குப் போனவரும் வீட்டு வேலைக்குப் போனவரும் இருக்க மாட்டார்கள். வெயிலை அதிகம் தாங்குபவர்களே கணக்கில் விடுபடுவார்கள். இரவு ஏழுக்கு மேல் போங்கள், ஞாயிற்றுக்கிழமை போங்கள்.

வியாசர்பாடியில் கருவியைக் கழற்றப் போன அன்று வீட்டுக்காரம்மா கேட்டார்: "எங்க வீட்டுச் சூடு எவ்ளோன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க தம்பி." எங்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தரவெல்லாம் ஆங்கில அட்டவணையாக மடிக்கணினியில் இருந்தது. இப்போது திட்டச் செலவு போடும்போதே வீட்டுக்கு ஒரு தாள் என்று எழுதிவிடுகிறோம். எந்த மணிக்கு அந்த அறை எவ்வளவு சூடாக இருந்தது என்று பெரிய எழுத்தில், தமிழில். எப்போது குழந்தையை உள்ளே கிடத்தலாம், எப்போது வாசலில் படுக்கலாம் என்று அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள்.