சுமையோடு மலையேறும் சைக்கிள்: லாவோஸுக்குப் பெங்களூரிலேயே தயாராவது எப்படி

பெங்களூர் பீன்யாவில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. ஒரு ஜனவரியில் பட்டறையைப் பத்து நாள் பூட்டிவிட்டு, நானும் என் மச்சானும் லாவோஸுக்குப் போனோம். லுவாங் பிரபாங்கில் தொடங்கி தலைநகர் வியன்டியான் வரை 13-ஆம் எண் சாலையில், துணிமணி சாமானோடு சைக்கிளிலேயே மலை தாண்டினோம். நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முதல் பாதி முழுக்க மலை.

அந்தச் சாலை எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். லுவாங் பிரபாங் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி மலைமுகட்டில் கியூ கச்சாம் என்ற ஊர், ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரம். நேராக ஏறினால் பரவாயில்லை. ஒரு மலையில் ஏறி, ஆற்றங்கரை வரை இறங்கி, மறுபடி அடியிலிருந்து ஏற வேண்டும். மறுநாள் முகட்டோடு வளைந்து வளைந்து 50 கிலோமீட்டர் போனால் பூகூன். அங்கிருந்து காசி என்ற ஊருக்கு நீண்ட இறக்கம். அதன்பின் வாங் வியங்கின் சுண்ணாம்புக்கல் குன்றுகள், பிறகு சமவெளி.

திரும்பி வந்ததிலிருந்து கேட்கிற நண்பர்கள் எல்லாரும் "எவ்வளவு ஸ்டாமினா வேணும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உங்கள் சைக்கிளில் பெடலோடு சேர்ந்து சுற்றும் முன்பக்கச் சின்னச் செயின்வீலில் எத்தனை பல்? பின்பக்கப் பெரிய பல்சக்கரத்தில் எத்தனை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். பல சாலை சைக்கிள்களில் முன்னால் 34, பின்னால் 28 பல். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம். ஆள், சைக்கிள், சாமான் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில் அந்த வேகத்துக்குக் கிட்டத்தட்ட 200 வாட் வேண்டும். பழகாத ஆள் அதை அரை மணி நேரம் தாங்குவதே பெரிது. அதே ஆளுக்கு முன்னால் 22, பின்னால் 34 பல் இருந்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்தான். வேகம் 5 கிலோமீட்டருக்கு இறங்கும், தேவைப்படுவது 110 வாட். அதைக் காலையிலிருந்து மாலை வரை கொடுக்கலாம். அதனால் பழைய மாடல் எம்டிபியில் (மலைச் சைக்கிளில்) மூன்று செயின்வீல் இருந்தால் அதைக் கழற்றி எறியாதீர்கள். இந்தப் பயணத்துக்கு லட்ச ரூபாய் கார்பன் சைக்கிளைவிட அது உதவும்.

அடுத்தது சுமை. வழியில் ஊருக்கு ஊர் விடுதி இருப்பதால் கூடாரம், அடுப்பு எதுவும் வேண்டாம். எங்கள் சாமான் ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. இரண்டு செட் சைக்கிள் உடை, ராத்திரிக்கு ஒரு செட், ஒரு ஸ்வெட்டர், மழைச் சட்டை, கருவிகள், மருந்து, தண்ணீர். முகட்டில் ஜனவரி இரவு நல்ல குளிர், ஸ்வெட்டரை மட்டும் விட்டுவிடாதீர்கள். திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டைக்குள் ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் தொடையை உரசிப் புண்ணாக்கும். தினமும் ராத்திரி துவைத்து, காயாவிட்டால் மறுநாள் பைமேல் கட்டிக் காயவையுங்கள்.

கேரியரின் இருபுறமும் தொங்கும் பன்னியர் பைகளில் கனமானதை அடியில், சக்கரத்தின் அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வையுங்கள். இரண்டு பையையும் தொங்கு தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை ஒருபக்கம் கூடினாலோ, பின்பக்கம் தள்ளிப் போனாலோ, இறக்கத்தில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஹேண்டில் நடுங்க ஆரம்பிக்கும். அப்படி நடுங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழங்காலை மேல்குழாயில் அணைத்து, மெதுவாகப் பிரேக் போட்டால் அடங்கிவிடும். இதையெல்லாம் லாவோஸில் போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது. பெங்களூரிலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கு நாங்கள் செய்தது இதுதான். ஆளுக்குப் பத்து கிலோ பொன்னி அரிசி வாங்கி, பைக்கு ஐந்து கிலோவாகப் போட்டுக்கொண்டு ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு நந்தி மலைக்குக் கிளம்புவோம். அடிவாரத்திலிருந்து ஏழு, எட்டு கிலோமீட்டர் ஏற்றம். நின்றுகொண்டு மிதிக்காமல், சீட்டில் உட்கார்ந்தே, பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதுதான் பரீட்சை. வாக்கியம் பாதியில் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். மேலே போனதும் இறங்கி, மறுபடி ஒருமுறை ஏறுவோம். இப்படி எட்டு ஞாயிறு. கடைசியாக இரண்டு நாள் ஒத்திகை. முதல் நாள் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி, மறுநாள் திருப்பத்தூர் போய் ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். சொந்த ஊர் திருப்பத்தூர்ப் பக்கம் என்பதால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் முந்தைய நாள் களைத்த காலோடு மறுநாள் காலை சீட்டில் உட்காரும்போது என்ன வலிக்கிறது என்பது அந்தப் பயணத்தில்தான் தெரிந்தது. என் சீட் ஒரு விரல்கடை உயரம் குறைவாக இருந்திருக்கிறது. ஒரு நாள் சவாரியில் அது தெரிந்ததே இல்லை.

சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சுமை ஏற்றிய சைக்கிளில் முதலில் உடைவது பின்சக்கரத்தின் ஸ்போக் கம்பி, அதுவும் செயின் பக்கத்துக் கம்பி. பல்சக்கரத்துக்கு இடம்விட வேண்டியிருப்பதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாக நின்று அதிக இழுவிசையைத் தாங்குகின்றன. 36 கம்பிச் சக்கரம் நல்லது, 32-ம் போதும். கடையில் கோட்டம் எடுத்து வாங்கியதும் ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிப் பாருங்கள். ஒரே பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். ஒன்று மட்டும் தொங்கலாக ஒலித்தால் அதன் பாரத்தை அக்கம்பக்கத்துக் கம்பிகள் சுமக்கின்றன. அவைதான் உடையும்.

எனக்கு அதுதான் நடந்தது. பெங்களூரில் ஒரு கடையில் கட்டி வாங்கிய சக்கரம். பார்வைக்கு நேராக ஓடியதால் நான் சுண்டிப் பார்க்கவில்லை. பூகூனிலிருந்து இறங்கும்போது டங்கென்று ஒரு சத்தம். உடனே பின்சக்கரம் பிரேக்கில் உரசத் தொடங்கிவிட்டது. செயின் பக்கத்துக் கம்பியை மாற்ற வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். பட்டறையில் அதற்குச் சாவியும் சங்கிலிப் பிடியும் இருக்கும், சாலையில் ஏது? நல்லவேளை, கிளம்பும் முன் லேத்தில் ஒரு துண்டு கடைந்து வைத்திருந்தேன். பல்சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் பூட்டு வளையத்தின் பல்லில் பொருந்தும், ஒரு சின்னக் கை நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பொருத்திச் சக்கரத்தைத் திரும்ப மாட்டினால் அந்தக் கை ஃப்ரேமில் முட்டி நிற்கும். பெடலை முன்னோக்கி அழுத்தினால் வளையம் இளகிவிடும். இதே மாதிரி கருவி கடைகளிலும் கிடைக்கிறது, ஐம்பது கிராம்கூடக் கனக்காது. உங்கள் சக்கரத்துக்கு அளவான நான்கு கம்பிகளையும் ஃப்ரேமில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். அன்று சாலையோரத்து வீட்டுச் சிறுவன் ஒருவன் வந்து, கேட்காமலே கம்பியை ரிம்மில் முடுக்கும் சின்ன நட்டான நிப்பிளைத் தன் உள்ளங்கையில் வாங்கி, நான் மாற்றி முடிக்கும் வரை மூடிய கையைத் திறக்கவே இல்லை.

அதே இறக்கத்தில் இன்னொரு விஷயம். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காதீர்கள். சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பிடி குறையும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிடுங்கள். நாங்கள் ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று ஆறவிட்டோம்.

ஏற்றத்தில் அவசரமே கூடாது. கியூ கச்சாமுக்கு ஏறும் கடைசி இருபது கிலோமீட்டரில் மச்சான் கேட்டான், "மாமா, இறங்கித் தள்ளலாமா?" "தள்ளினாலும் இதே வேகம்தான்டா, கூடவே முதுகும் வலிக்கும். உக்காந்தே வா" என்றேன். அந்த வேகத்தில் போனதால்தான் எவ்வளவோ பார்த்தோம். சாலையோரம் நெடுக நம் வீட்டுப் பூந்துடைப்பம் செய்கிற அதே புல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். பெண்கள் கத்தையைத் தரையில் அடித்து அடித்துப் பூத்தூளை உதறிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் "சபாய்டீ" என்று கத்திக்கொண்டு கை தட்ட ஓடிவரும்.

காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுங்கள். ஜனவரியில் மாலை ஆறுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், இருட்டில் லாரிகளோடு அந்த வளைவுகளில் இருக்கக் கூடாது. சாப்பாடு எங்கும் கிடைக்கும், நூடுல்ஸ் சூப்பும் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறும். மச்சான் சைவம். "போ சை சீன், போ சை நாம் பா" என்று சொல்லப் பழகிக்கொண்டான். இறைச்சி போடாதே, மீன் சாறு ஊற்றாதே என்று அர்த்தம். கையோடு கொண்டுபோன பருப்புப் பொடியைத் தொட்டு ஒட்டரிசியை உருட்டிச் சாப்பிட்டால் மூன்று மணி நேரத்துக்குக் கால் சோர்வதில்லை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆளுக்கு இருபதாவது இங்கிருந்தே எடுத்துப் போங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா லாவோஸ் மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. ஒரு பெரிய குண்டுக்குள் அடைத்த சின்னச் சின்ன உருண்டைகளான கொத்துக் குண்டுகளில் ஏராளமானவை வெடிக்காமல் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. சிறுநீர் கழிக்கக்கூடச் சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். மிதிபட்ட பாதையில் மட்டும் நடங்கள். கிரிக்கெட் பந்து அளவில் இரும்பு உருண்டை எது தெரிந்தாலும் தொடாமல் விலகி வந்துவிடுங்கள்.

போகும் மாதம் நவம்பர் முதல் ஜனவரி வரை. பிப்ரவரி கடைசியில் காட்டை எரிக்கத் தொடங்கினால் ஏப்ரல் வரை மலை முழுக்கப் புகை. ஏற்றத்தில் வாங்குகிற மூச்சோடு அது நேராக நெஞ்சுக்குப் போகும். மே முதல் மழை, மண்சரிவு. லாவோஸில் வண்டிகள் வலதுபக்கம் ஓடுகின்றன. அதனால் ஹேண்டிலின் வலதுபக்கக் கண்ணாடியைக் கழற்றி இடதுபக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சிறிய ஊர்களில் ஏ.டி.எம். எதிர்பார்க்க வேண்டாம், லாவோஸ் பணமான கிப் நோட்டுகளை லுவாங் பிரபாங்கிலேயே எடுத்துவிடுங்கள்.

விமானத்துக்குச் சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கலாம். கருவிகள் செக்-இன் சாமானில், பவர் பேங்க் கைப்பையில். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். சீட் கம்பியை இறக்கும் முன் அதன் உயரத்தில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுங்கள். ஏலகிரியில் கண்டுபிடித்த அந்த ஒரு விரல்கடை, லுவாங் பிரபாங்கில் பெட்டியைப் பிரித்ததும் அப்படியே கிடைத்துவிடும்.